ஏரிமேல் போட்ட பழி

ஐஸ் கம்பெனியில் வரதனுக்கு இரண்டு விரல் போன மூன்றாம் நாள், பழவேற்காடு ஏரி அவன் வீட்டுக்குள் வந்து முழங்கால் அளவு நின்றது. பக்கத்து வீட்டு வாசலில் கோலம்கூடக் கலையவில்லை. கோட்டைக்குப்பத்தில் யாரும் இதற்கு வாய் பிளக்கவில்லை. ஏன் வந்தது என்றுதான் கேட்டார்கள்.

வரதனுக்குக் காரணம் தெரியும். ஐஸ் உடைக்கிற மிஷினுக்கு மூடி இல்லை, கை மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவிலேயே மேஸ்திரி கோதண்டம், "ஏரில, போட் இன்ஜின்ல மாட்டிக்கிச்சுனு சொல்லுப்பா. கம்பெனி பேரு வந்தா லோகநாயகிக்கும் வேலை இருக்காது" என்றார். லோகநாயகி அவன் பெண்டாட்டி, அதே கம்பெனியின் மீன் ஷெட்டில் நண்டு கழுவுகிறவள். இனி அடுப்பு எரிய வேண்டியது அவள் கூலியில்தான். மேஸ்திரி சொன்னபடியே வரதன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டான். எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு: ஏரியில் ஒருத்தன் ரத்தம் விழுந்தால் மறுநாள் யாரும் வலை போடக்கூடாது. ஊரே அவனுக்காகப் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்தது. செய்யாத குற்றத்துக்கு இப்படி ஒதுக்கி வைத்தால் ஏரிக்கு மட்டும் ரோஷம் வராதா, பாவம்?

தண்ணீர் நாளுக்கு நாள் ஏறியது. லோகநாயகி அரிசியைப் பரணில் ஏற்றினாள், பிள்ளையின் தூளியை உயர்த்திக் கட்டினாள். மீன் தொழிலாளர் சங்கத்து எப்சிபா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"உன்ன மாதிரி காண்ட்ராக்ட் ஆளுக்கும் நஷ்டஈடு உண்டுண்ணா. வேலையில அடிபட்டா கம்பெனிதான் பொறுப்பு. சீக்கிரம் எழுதிக் குடுக்கணும், ரெண்டு வருஷத்துக்குள்ள லேபர் ஆபீஸ்ல கேஸும் போடணும். ஆஸ்பத்திரில சொன்னது பொய்னு இப்பவே சொல்லிடுண்ணா."

"இவ வேலை போயிட்டா இன்னா பண்றது?" என்றான் வரதன்.

தண்ணீர் தூளியின் அடியைத் தொட்டிருந்தது. லோகநாயகி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "போனா போவட்டும், சொல்லிடுய்யா" என்றாள்.

வரதன் நடந்ததை நடந்தபடி ஆஸ்பத்திரியில் சொல்லி, கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தபோது வீடு காய்ந்து கிடந்தது. மூலையில் ஒரு இறால் துள்ளியது. லோகநாயகியை மறுநாளே நிறுத்திவிட்டார்கள். கேஸ் நடக்கிறது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிறார்கள். ஏரி இப்போது கம்பெனி ஆபீசில் நிற்கிறது. முதலாளி பம்பு வைத்து இறைத்துப் பார்த்தார், ஆகவில்லை. பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் அந்த மிஷினுக்கு மூடி போட்டார்களாம். தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியிருக்கிறது என்று கோதண்டமே வரதன் வீட்டு வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.