மாவுக்கட்டு யாருக்கு

பேருந்து ஓட்டுகிற அப்பாவுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் விடுப்பு. இரட்டைப் பிள்ளைகளைப் பூங்காவுக்கு நானே கூட்டிப்போகிறேன் என்று மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். வந்து நிழலில் உட்காரக்கூட இல்லை, இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து நேரே கீழே குதித்துவிட்டார்கள். பெரியவள் போட்ட அலறலில் பூங்காவே திரும்பிப் பார்த்தது.

பெரியவள் என்றால் ஐந்து நிமிடம்தான் பெரியவள். வாய் மட்டும் ஐந்து வயது பெரியது. சின்னவள் அச்சில் வார்த்ததுபோல அவளேதான், ஆனால் லேசில் வாய் திறக்கமாட்டாள். அப்பா பெரியவளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் போன் அடித்தார். "பெரியவளுக்குக் கால்ல அடி. பதறாத, ஆஸ்பத்திரிக்கு வந்துடு" என்று பதறிக்கொண்டே சொல்லிவிட்டு, அடுத்த தெருவிலிருந்த மருத்துவமனைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். சின்னவள் பின்னாலேயே வந்து சேர்ந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா கணுக்காலை அங்கங்கே மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு, சக்கரம் வைத்த ஸ்கேன் மிஷினைக் கட்டிலருகே தள்ளிவந்தார். பெரியவளுக்கு அழுகை சட்டென்று நின்றது.

"இது வயித்துல பாப்பா இருக்கான்னு பார்க்கிற மிஷின்தானே?"

"அதேதான். இன்னைக்கு உன் எலும்பைப் பார்க்கப்போகுது. ஊசி கீசி எதுவும் கிடையாது. ஜெல் தடவினா சில்லுனு இருக்கும், அவ்வளவுதான்."

திரையில் இருட்டுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு ஓடியது. ஓரிடத்தில் அது விட்டுப்போய் மறுபடி தொடங்கியது. அப்பா திரையருகே எட்டிக் குனிந்தார்.

"டாக்டர், அந்த இடத்துல உடைஞ்சிருக்கே!"

"அது எலும்பு வளர்ற இடம்ங்க. இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் காலையும் பார்த்துடலாம்." மறுகாலிலும் அதே இடத்தில் அதே இடைவெளி. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா? வெறும் சுளுக்குதான்."

போன உயிர் அப்பாவுக்குத் திரும்பி வந்தது. பெரியவளுக்குத்தான் முகம் தொங்கிப்போனது.

"அவளுக்கும் போட்டுப் பாருங்க! அவளும்தான் குதிச்சா."

"எனக்கு வேணாம்" என்று சின்னவள் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். இழுத்த வேகத்தில் உதட்டைக் கடித்ததை டாக்டரம்மா பார்த்துவிட்டார். கீழே குந்தி உட்கார்ந்து ஷூவின் முடிச்சை மெல்ல அவிழ்த்தார். இடது கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது.

மறுபடி ஜெல், மறுபடி வெள்ளைக் கோடு.

"இது வளர்ற இடம்தானே?" என்று அப்பா எல்லாம் தெரிந்தவர்போல நம்பிக்கையோடு கேட்டார்.

"வளர்ற இடம் இங்க இருக்கு. இது அதுக்கு மேல. கோடு வழவழன்னு வருது, இங்க வந்ததும் சின்னதா ஒரு படி இறங்குது பாருங்க. கீறல் விட்டிருக்கு. எலும்பு விலகின மாதிரி தெரியலை. எக்ஸ்ரே ஒண்ணு எடுத்து உறுதி பண்ணிட்டு மாவுக்கட்டு போட்டுடலாம். சீக்கிரம் கூடிடும், பயப்படாதீங்க."

அப்பா சின்னவளின் முன்னால் மண்டியிட்டார். "ஏன்டா கண்ணு, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"உங்களால ஒருத்தியைத்தானே தூக்க முடியும்" என்றாள் சின்னவள்.

"யார் சொன்னா?" என்று கேட்டு, அப்பா அவளை ஒரு கையிலும் பெரியவளை மறு கையிலுமாக அள்ளிக்கொண்டு எழுந்தார். "கால் பத்திரம், கால் பத்திரம்!" என்று கத்திக்கொண்டே டாக்டரம்மா கூடவே ஓடினார். எக்ஸ்ரே அறைவரை மூன்று பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. எக்ஸ்ரேயிலும் அதே கீறல்தான் தெரிந்தது, எலும்பு விலகவில்லை.

அவசரப் பிரிவுக் கட்டிலில் சின்னவளின் மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தபோது அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். பெரியவளின் கால்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"பெரியவளுக்குன்னுதானே சொன்னீங்க? இவ சின்னவளாச்சே! ஐயோ, ஆள் மாத்திக் கட்டிட்டாங்களா?"

"நான்தாம்மா அழுதேன், கட்டு அவளுக்கு!" என்று பெரியவள் முறையிட்டாள். அப்பா ஒரு பக்கம், டாக்டரம்மா ஒரு பக்கம் என்று நடந்ததைச் சொல்லச் சொல்ல, அம்மாவுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தேவிட்டாள். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்துவிட்டு, "எனக்கும் அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றாள்.

டாக்டரம்மா திரையைத் திருப்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னவள் எம்பி, ஜெல் பிசுக்கு இன்னும் போகாத விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

"இதோ, இந்தப் படிதாம்மா என்னோடது" என்றாள் பெருமையாக.