டப்பாவுக்குள் மதுரை

"அப்பா, நம்ம மதுரை எங்க?" என்று பேச்சி கேட்டாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. சுவாமி படத்தின் பக்கத்தில் எப்போதும் இருக்கும் தகர டப்பாவைக் காணவில்லை.

அந்த வீட்டில் டப்பாவுக்கே பெயர் மதுரைதான். கல்யாணமாகி இலங்கையின் மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது பேச்சியின் அம்மா சண்முகவடிவு கையோடு கொண்டுவந்தது. உள்ளே மீனாட்சியம்மன் கோயில் தாழம்பூக் குங்குமம், புதுமண்டபத்தில் வாங்கிய மரச்சீப்பு, இரண்டு கண்ணாடி வளையல். வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, "இருங்க, மதுரைக்குப் போயிட்டு வந்துர்றேன்" என்று மூடியைத் திறப்பாள். குங்குமத்தைத் தொடமாட்டாள், முகர்ந்துவிட்டு மூடிவிடுவாள்.

அந்தப் பேச்சுதான் அவள் கணவன் பொன்னையாவைப் பயமுறுத்தியது. அது 1951. பிரஜாவுரிமை மனுவை விசாரிக்க அதிகாரி லயத்தின் வரிசை வீடுகளுக்கே வரப்போகிறார். இந்தியாவுக்குப் போய்வருகிறவர்களின் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்று காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொன்னார்கள். 'அம்மா வாரா வாரம் மதுரைக்குப் போகும்' என்று பிள்ளை சொல்லிவிட்டால்? டப்பாவை எடுத்துப்போய்த் தேயிலைச் செடியடியில் புதைத்தான். விசாரணை முடிந்ததும் எடுத்து வைத்துவிடலாம்.

"எனக்கென்னம்மா தெரியும்" என்றான் மகளிடம். மனைவியிடமும் அதையேதான் சொன்னான்.

சண்முகவடிவு யோசித்தாள். "காளியாயி அக்காதான் நெருப்பெடுக்க உள்ள வந்துச்சு. வேற யாரு வந்தா?"

பொன்னையா கத்தியைத் தீட்ட வெளியே போனான்.

காளியாயி பக்கத்துக் காம்பராவில் தனியாக இருப்பவள். பேச்சிக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாள் வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தவள். மறுநாள் அவள் வழக்கம்போலச் சிரட்டையோடு வாசலில் நின்றாள்.

"அடுப்பு அணைஞ்சு போச்சுக்கா" என்றாள் சண்முகவடிவு.

காளியாயி உள்ளே பார்த்தாள். உலை கொதித்துக்கொண்டிருந்தது. "அப்ப ஒங்க சோறு குளிருலதான் வேகுதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அதன் பிறகு வரவில்லை.

அதிகாரி பதினைந்து நாள் கழித்து வந்தார். காகிதங்களைப் புரட்டினார், தேநீர் குடித்தார், பேச்சியின் கன்னத்தைத் தட்டினார், போய்விட்டார். மதுரையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

பொன்னையா செடியடியைத் தோண்டினான். மழை டப்பாவுக்குள் இறங்கியிருந்தது. குங்குமம் சேறாகி, சீப்பின் பற்களெல்லாம் சிவந்திருந்தன. மனைவி முன் வைத்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் சீப்பை முந்தானையால் துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது.

"மதுரை போனாப் போகுதுங்க. அந்த அக்கா மொகத்துல நான் எப்புடி முழிப்பேன்?"

அப்போதே போய்க் காளியாயியின் காலில் விழுந்தாள். "எந்திரி புள்ள, கால் கழுவக்கூட இல்ல" என்று காளியாயி அவளைத் தூக்கிவிட்டாள். மறுபடி பேச்சு வந்தது. ஆனால் நெருப்புக்கு மட்டும் அவள் வரவில்லை. நமுத்த தீக்குச்சியை அவள் உரசி உரசிப் பார்ப்பது சாயங்காலங்களில் சுவர் வழியே கேட்கும். பொன்னையா தன் வீட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பான். திருடி என்ற பெயர் அந்த அடுப்படியில்தான் அவள்மேல் விழுந்தது. அங்கே அவள் எப்படிக் கால் வைப்பாள்?

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு வேலை இரண்டு மணிக்கே முடியும். கொழுந்து பறிக்கும் பெண்கள் திரும்ப ஐந்தாகும். ஒருநாள் பொன்னையா வீடு வந்ததும் அடுப்பு மூட்டினான். நல்ல கங்குகளாகப் பொறுக்கிச் சிரட்டையில் எடுத்துக்கொண்டு, பூட்டில்லாத பக்கத்துக் கதவைத் தள்ளினான். காளியாயியின் குளிர்ந்த அடுப்பில் அவற்றை இட்டு, அவள் வரும்வரை அணையாதிருக்கச் சாம்பலால் மூடினான். மேலே இரண்டு காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சிகளை வைத்தான்.

கதவைச் சாத்திவிட்டு வந்தான். லயத்து வாசலில் கோழிகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்தன.