கேட்டதும் குறைந்த பிரீமியம்

முத்தியால்பேட்டையில் வாடகைக்கு விட்டிருந்த இரண்டு வீடுகளுக்கும் இன்சூரன்ஸ் எடுக்க வந்த ஜவுளிக்கடை அமலநாதன், ஏஜென்ட் வெற்றிச்செல்வன் சொன்ன பிரீமியத்தை வழக்கம்போல் பாதிக்குக் கேட்டார். "சரிங்கய்யா" என்று அவன் உடனே எழுதிக் கொடுத்துவிட்டான்.

வீடு திரும்பியதிலிருந்து அமலநாதனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன மழையில் இரண்டு வீட்டிலும் முழங்கால் தண்ணீர். அடுத்த மழை இதோ வந்துவிடும்.

"கேட்ட வெலைக்குக் கெடச்சுதில்ல, இன்னும் ஏங்க குறுக்கும் நெடுக்குமா நடக்குறீங்க?" என்றாள் மனைவி அகஸ்டினா.

"முப்பது வருஷமா துணி விக்கிறேன்டி. மறுபேச்சில்லாம ஒருத்தன் பாதியா குறைச்சா, அளவுல கை வச்சிட்டான்னு அர்த்தம்."

பாலிசித் தாளை மூன்றாம் முறை படித்தபோது அகப்பட்டது. தீ இருந்தது, திருட்டு இருந்தது. புயலும் வெள்ளமும் இல்லை. உடனே போன் போட்டார்.

"தம்பி, வெள்ளம் எங்கப்பா போச்சு?"

"நீங்கதானே பாதிக்குக் கேட்டீங்க? எல்லாம் சேரணும்னா மொதல்ல சொன்ன தொகைதாங்கய்யா."

"சரி, எல்லாத்தையும் சேரு. ஒரு நூறு ரூபா மட்டும் குறைச்சுக்க."

"ஒத்த ரூபா குறையாதுங்கய்யா."

அமலநாதன் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"இப்பதான்டி பையன் ஒழுங்கா யாவாரம் பேசுறான்."