முட்டை ஓட்டில் நல்லெண்ணெய்

என் மகள் கிரேஸ் வயதுக்கு வந்தபோது அவள் அம்மா ரோசம்மாள் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்து நான்கு வயது. படித்தது பி.எஸ்சி. வேதியியல். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த பெயிண்ட் கம்பெனியின் லேபில் வேலை. பெயிண்டில் நிறம் கொஞ்சம் மாறினாலும் காரணத்தை ஒரு பக்கம் எழுதிவிடுவேன். பதின்மூன்று வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால், வெளியே நின்று "பல் வலியா?" என்று கேட்பேன். அன்று அப்படித்தான் கேட்டேன்.

பக்கத்து வீட்டு மணியம்மாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"பல்லும் இல்ல, சொல்லும் இல்ல. உம் பொண்ணு பெரிய மனுசி ஆயிட்டா தம்பி. நிக்காத, போயி முட்டையும் நல்லெண்ணெயும் வாங்கியா."

செய்முறையும் சொன்னாள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பச்சை முட்டை. உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டு, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். இடுப்புக்குப் பலமாம்.

"பக்கத்துல குந்திக்கினு குடிக்க வை. இல்லாட்டி அந்தாண்ட போயி ஊத்திட்டு வந்துடும்."

மறுவாரம் மகளின் பிரசவத்துக்காக அவள் வள்ளூருக்குப் போய்விட்டாள்.

சடங்கு வைக்கவில்லை. எங்கள் ஆரம்பாக்கத்தில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைக் கிறிஸ்தவர்களும் விடுவதில்லை. கூடுதலாக ஒரு ஜெபம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை நல்ல காரியம் கிடையாது. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. ஆட்களைக் கூப்பிட வேண்டாம், சிரிக்க வேண்டாம்.

முட்டையை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தேன். காலையில் ரயிலுக்குப் போகுமுன் கிரேஸ் பக்கத்தில் உட்கார்வேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முட்டையை விழுங்குவாள். எண்ணெய் கடைசிச் சொட்டு வரை இறங்குகிறதா என்று பார்ப்பேன். இருவரும் பேசியதில்லை. ஒரு தகப்பனாக வேறு என்னென்ன செய்யலாம் என்று தெரியாதவனுக்கு, இது தெளிவான வேலையாக இருந்தது.

அவள் இளைக்க ஆரம்பித்தாள். மத்தியானச் சோற்று டப்பா மூடியபடியே திரும்பி வந்தது. ராத்திரி கேட்டால் "பசிக்கல நைனா" என்பாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் டிரில் வகுப்பில் மயங்கி விழுந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "சரியாச் சாப்பிடறாளா?" என்று கேட்டார். தினம் முட்டை கொடுப்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

ஸ்டேஷனில் எடை பார்க்கும் எந்திரத்தில் அவளை ஏற்றினேன். எடை குறைந்திருந்தது. சீட்டின் பின்பக்கத்தில் 'உங்கள் முயற்சி தொடரட்டும்' என்று அச்சடித்திருந்தது. தொடர்ந்தேன். மறுநாளிலிருந்து இரண்டு முட்டை. விஞ்ஞானம் படித்தவன், பலன் இல்லாத மருந்தின் அளவைக் கூட்டினேன்.

முட்டைக் கடை தேசப்பன் கேட்டான்: "இன்னா சார், ஊட்ல பயில்வான் யாரையாச்சும் வச்சிக்கினு கீறியா?"

மூன்று மாதம் கழித்து மணியம்மாள் திரும்பினாள். கொல்லைப்பக்கம் வந்தவள் குப்பைக்குழி ஓரத்தில் நின்றுவிட்டாள். குழி முழுக்க முட்டை ஓடு.

"இன்னா தம்பி இது? கோழிப் பண்ணை கீது வச்சியா?"

"கிரேஸுக்கு. நீங்க சொன்னதுதான்."

"நான் சொன்னனா! அது எப்பவோ சொன்னது. இன்னுமா ஊத்திக்கினு கீற?"

"எப்ப நிறுத்தணும்னு நீங்க சொல்லலியே."

"அத வேற சொல்லணுமா? தலைக்குத் தண்ணி ஊத்தற அன்னியோட நிறுத்தணும்."

"நாங்கதான் தண்ணி ஊத்தலியே."

மணியம்மாள் என்னையே பார்த்தாள். அப்புறம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கோபம் வந்தது.

"ஒரு பொம்பளையக் கேட்டிருந்தா சொல்லியிருப்பா. காலங்காத்தால வயித்துல எண்ணெய ஊத்தினா எந்தப் புள்ளைக்குப் பசிக்கும்? இந்தப் படிப்பு படிச்சி இன்னா பிரயோசனம்?"

அந்தக் கேள்வியை நானே பல தடவை கேட்டிருக்கிறேன்.

சாயங்காலம் கிரேஸ் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் போய் நின்றேன்.

"குமட்டுதுன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவ."

"நிறுத்தினா நல்லதுதான?"

"அப்பறம் நீ பக்கத்துல குந்த மாட்ட."

"நான் காவலுக்குக் குந்தினேன்."

"எதுக்கோ. மத்த நேரத்துல நீ செவுத்தத்தான பாத்துக்கினு கீற."

ரிப்பனை முடிச்சுப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். வேறு பழக்கம் இல்லை.

மறுநாள் காலையில் முட்டை இல்லை. ஆனாலும் போய் உட்கார்ந்தேன். அவளும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு தட்டு, எனக்கு ஒரு தட்டு. பழைய சோறும் கருவாட்டுக் குழம்பும். அவள் தொடவில்லை. ஏதாவது பேசியாக வேண்டும். நான் சொன்னேன்:

"நேத்து கம்பெனில பச்சை பெயிண்ட் கெட்டுப்போச்சு."

"ம்."

"ஈரம் சேந்துடுச்சு."

"ம்."

இதைவிட மோசமான பேச்சை எந்தத் தகப்பனும் ஆரம்பித்திருக்க மாட்டான். பெயிண்ட் காயும் விதத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் குறுக்கே கேட்டாள்.

"கடைசியில அம்மாக்கு வலிச்சுதா நைனா?"

"தூக்கத்திலயே..."

"அதச் சொல்லாத. எல்லாருக்கும் அதத்தான சொன்ன."

தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "வலிச்சுது."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"என்னியக் கேட்டுச்சா?"

"கேட்டா. உனக்குத் தலை யாரு சீவிவிடறதுன்னு கேட்டா."

கிரேஸ் அழுதாள். கதவு எதையும் சாத்தவில்லை. என் பக்கத்திலேயே உட்கார்ந்து, சத்தமாக அழுதாள். என் கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் அவள் தலையில் வைத்தேன். அது ஆசீர்வாதம் பண்ணுவதுபோல் இருந்தது. எடுத்துத் தோளில் வைத்தேன். அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் அழுதிருப்பேன் போலிருக்கிறது. சட்டைக் காலர் நனைந்திருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தன் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைந்தாள். வேகமாகச் சாப்பிட்டாள். முடிந்ததும் என் தட்டைப் பார்த்தாள். அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அதையும் சாப்பிட்டாள், கருவாட்டுத் துண்டோடு. குழம்புச் சட்டியையும் வழித்துவிட்டாள்.

அன்று பட்டினியாகத்தான் வேலைக்குப் போனேன்.