பின்சந்தில் பார்த்த கடை

1

இப்போதெல்லாம் தன் வாய்க்கு எது பிடிக்கும் என்று ஒருவரும் தன் வாயைக் கேட்பதில்லை. போனைக் கேட்கிறார்கள். முகம் தெரியாத எவனோ ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தால் போதும், முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்பார்கள். காலைச் சாப்பாடும் இல்லாமல் மதியச் சாப்பாடும் இல்லாமல் ரெண்டுங்கெட்டான் நேரத்தில் தின்பதற்கு ப்ரஞ்ச் என்று ஒரு பெயர் வேறு.

இந்தக் கதை பிறந்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து, "நாப்பது வருஷம் இந்த ஊர் ஹோட்டலுக்கெல்லாம் குழாய் மாட்டினவர் நீங்க. ஞாயித்துக்கிழமை ப்ரஞ்சுக்கு எந்தக் கடை நல்லாருக்கும்னு நம்ம சங்க ஆண்டு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தாங்களேன்" என்றார். கடையைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். என் மகள் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

(ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாவிட்டால் படிக்காதீர்கள்.)

2

முதல் வரி: "அழகான ஒரு ஞாயிற்றுக்கிழமை, அன்பான தந்தை ஒருவர்—"

அடித்துவிட்டேன். அழகும் இல்லை, அன்பும் இல்லை, முட்டி வலிதான் இருந்தது. அந்தத் தந்தையை நல்ல மனிதராக நாலு வரி நடக்கவிட்டுப் பார்த்தேன். இரவல் சட்டை மாட்டிக்கொண்டவன் மாதிரி நடந்தார்.

இரண்டாவது வரி: "பதினான்கு மாதமாகப் பேசாத மகள் அன்று போன் செய்தாள்."

இது நிஜம். அதனாலேயே இதையும் அடித்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல் மறுபடி எழுதியிருக்கிறேன்.

"அப்பா, ஞாயித்துக்கிழமை ப்ரஞ்ச் போலாம். அவரும் வராரு. இடத்த நீங்களே சொல்லுங்க."

"நான் எதுக்கு?"

"நாங்க சொன்னா நொட்டை சொல்வீங்க. இன்னொன்னுப்பா. இந்தத் தடவையும் பாதியில எந்திரிச்சுப் போனீங்கன்னா, நான் இனிமே கூப்பிட மாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

(குறிப்பு: 'அவர்' என்பது அவள் கணவர், கண் பரிசோதிக்கிறவர். கல்யாணத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். தட்டு வைப்பதற்குள் நான் சமையலறைக்குப் போய் சிங்குக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். சொட்டிக்கொண்டிருந்தது. "இதையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் என் பொண்ண எப்படி வச்சுக்குவான்?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். கல்யாணத்துக்கும் போகவில்லை. குழாய் விஷயத்தில் நான் சொன்னது சரிதான். மற்றதைப் பற்றி இந்தக் கதையில் எழுதுவதாக இல்லை.)

3

சனிக்கிழமை இடம் பார்க்கக் கிளம்பினேன். முன்வாசலை நான் பார்ப்பதில்லை. முன்வாசல் மாப்பிள்ளைக் கோலம் மாதிரி, எல்லாம் மினுக்கும். ஹோட்டலுக்குப் பின்சந்தில் ஒரு தொட்டி இருக்கும். சமையலறைத் தண்ணீரில் வரும் எண்ணெயும் கொழுப்பும் அதில்தான் தேங்கும். அதன் மூடியைத் திறந்தால் கடையின் ஜாதகமே தெரிந்துவிடும்.

எங்கள் கடைத்தெருவில், போனில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய கடையின் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. கரப்பான்கள் குடும்ப சகிதமாக ப்ரஞ்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. அடுத்த இரண்டும் கிட்டத்தட்ட அதே கதி. நான்காவதின் மூடியைத் தூக்கினேன். வாடை இல்லை, பிசுக்கு இல்லை, ஒரு சொட்டுக் கொழுப்பு இல்லை. என் தொழிலில் இப்படி ஒரு தொட்டியைப் பார்த்ததில்லை. இங்கேதான் என்று மகளுக்குச் சொல்லிவிட்டு, அப்படியே பின்சந்து வழியாகவே வீட்டுக்கு வந்தேன்.

(உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்கு மறுநாள் பதினொரு மணிக்குத்தான் புரிந்தது.)

4

கண்ணாடிக் கதவில் எழுதி ஒட்டியிருந்தது: அடுத்த மாதம் திறப்பு. உள்ளே ஒருவர் ஏணியில் நின்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, முன்பக்கம் வந்து பாத்தீங்களா?"

"பின்பக்கம் பாத்தேன்."

"இன்னும் அடுப்பே பத்த வைக்காத கடை மாமா," என்றார் கண் பரிசோதிக்கிறவர். "இதைவிடச் சுத்தமா எங்க கிடைக்கும்?"

கேலியா, ஆறுதலா என்று இன்று வரை தெரியவில்லை. கேலி என்றே வைத்திருக்கிறேன்.

"எனக்குப் பசிக்குது," என்று மகள் எதிரே கை காட்டினாள். நீள வரிசை. அந்த ஐந்து நட்சத்திரக் கடை.

வாயைத் திறந்தால் சண்டை. மூடினால் என் பெண் அங்கே சாப்பிடுவாள். வரிசையில் நின்ற நேரம் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேசை கிடைத்தது. முட்டையும் ரொட்டியும் ஒரு தட்டில் பழமும் வந்தன. மகள் முள்கரண்டியை எடுத்தாள், வைத்தாள்.

"இதோட பின்பக்கமும் பாத்திருப்பீங்களே. எப்படிப்பா இருந்துச்சு?"

5

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: "நல்லாருக்கும்மா" என்று தந்தை சொன்னார், மூவரும் சிரித்து— சோப்பு விளம்பரம். கிழித்தாயிற்று.

இரண்டு: தந்தை கோபத்தோடு நாற்காலியைத் தள்ளி— இதை ஒரு தடவை வாழ்ந்தே பார்த்துவிட்டேன்.

மூன்று, நடந்தது. "தொட்டி வழியுது. கரப்பான் இருக்கு," என்றேன். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை.

மருமகன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். மகள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"சரி. பழம் மட்டும் சாப்பிடலாம்," என்று என் தட்டில் ஒரு ஆரஞ்சை வைத்தாள். "உரிச்சுத் தாங்க."

உரித்தேன். மூன்று பேருக்கும் வந்தது.

வெளியே வந்ததும் மருமகன், "அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இடம் பாக்குறேன் மாமா," என்றார்.

"எத வச்சு முடிவு பண்ணுவீங்க?"

"கூட்டத்த வச்சுத்தான்."

பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற மாதிரி கேட்டது. என்னைப் பார்த்தா, வேறு எதற்காகவா, திரும்பிப் பார்க்கவில்லை. நான் போவேனா மாட்டேனா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கிற மனிதரை நம்ப என்னால் முடியாது. ப்ரஞ்சுக்குக் கடை தேடி வந்து, இதை இவ்வளவு தூரம் படித்த உங்களையும்தான்.