ஆள் பார்க்காத அமிலம்

ஷாமினிக்குக் குடுவையில் படிகம் திரண்டுவிட்டது என்று கேட்டதும் தர்மினிக்கு வயிறு எரிந்தது. ஈப்போ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் உயிரைக் கொடுத்துத் தர்மினி பெற்றது ஒரே ஒரு படிகம். அதை நம்பித்தான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வேடு அடுத்த வாரம் மதிப்பீட்டுக்குப் போகவிருந்தது. ஆயர் தாவார் பழைய ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்து இப்போதுதான் சேர்ந்த ஷாமினிக்கு ஒரே மாதத்தில் இன்னொன்றா? பேராசிரியர் மகேந்திரன் வேறு, "கைராசிக்காரி லா!" என்று எல்லார் முன்னும் மெச்சினார். தர்மினியின் படிகத்துக்குத் தலையாட்டியதோடு சரி.

இருவர் வேலையும் ஒன்றுதான். போரான் கொண்ட வீரியமான லூயிஸ் அமிலம் எலெக்ட்ரானுக்கு அலையும். நைட்ரைலின் நுனியிலுள்ள நைட்ரஜனிடம் கொடுக்க ஒரு ஜோடி எலெக்ட்ரான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கூட்டுப்பொருள்; அது திரண்டால் படிகம். ஆளுக்கொரு புது நைட்ரைலைத் தயாரித்து அமிலத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள். அந்த அமிலத்துக்கோ ஆள் பார்க்கத் தெரியாது. எந்த நைட்ரைல் முதலில் எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஷாமினியின் மேசையில் அசிட்டோநைட்ரைல் பாட்டில் இருந்ததைத் தர்மினி பார்த்துவிட்டாள். அதுவும் ஒரு நைட்ரைல்தான், எல்லா ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கிற சாதாரணக் கரைப்பான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மாட்டாளாம்! ஷாமினிக்கு வெள்ளைக் காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டே வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்காகக் காத்திருந்தாள்.

"சார், அது அவ நைட்ரைல் இல்ல லா," என்றாள் தர்மினி கூட்டத்தில். " அமிலம் அசிட்டோநைட்ரைலப் பிடிச்சிருக்கு. ஒரு சொட்டு போதும், எல்லாம் பாழ்."

மகேந்திரன் முகம் சுருங்கியது. "ஷாமினி, அத ஏன் ஊத்துன?"

"ஊத்தல சார். குடுவைய மட்டும்தான் அலசுனேன்." ஷாமினி தர்மினி பக்கம் திரும்பினாள். "இந்த மழையில தண்ணி காயாது, கடைசியா இதுல அலசுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க? நீங்களும் எப்பவும் அப்படித்தானே செய்வீங்க?"

குடுவை அலசுவதைப் பற்றித் தர்மினி ஒருநாளும் யோசித்ததில்லை. கை அதுபாட்டுக்குச் செய்கிற வேலை.

"அப்ப ஒன்னோட படிகமும் அசிட்டோநைட்ரைல்தானா?" என்றார் மகேந்திரன் மெதுவாக.

அவர் மேசைமேல் இருந்த ஆய்வேட்டை எடுத்துத் தர்மினி பக்கமாகத் தள்ளினார். "இப்ப அனுப்ப வேணாம்."

ஷாமினி பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். "பரவால்ல அக்கா, சேர்ந்தே மறுபடி செய்வோம்."

தர்மினி கையை உதறினாள். இவளுக்குப் போனது ஒரு மாதம்தானே என்று அப்போதும் அவள் மனம் பொருமியது.