பதினாறு அங்குல வாசல்

மேலகரத்தில் காண்ட்ராக்டர் கிங்ஸ்லி கட்டிய வீடு, இரண்டாயிரத்து இருபத்து நான்காம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தன் கிழக்கு ஜன்னலைத் தானே மூடிக்கொண்டது. அன்றைக்கு ஐந்தருவியில் குளிக்கத் தடை. தென்காசிச் சந்தையில் சின்ன வெங்காயம் விலை இறங்கியிருந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் சுவர் இருந்தது. பூச்சில் ஒரு கோடுகூட இல்லை. கம்பிகள் நான்கும் வெளியே செடிக்குள் கிடந்தன. கிங்ஸ்லியின் மனைவி தங்கபுஷ்பம் அவற்றைப் பொறுக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் குடிவந்த நாள் முதல் அவள் சாத்தியே வைத்திருந்த ஜன்னல்தான் அது. போனால் போகட்டும் என்று சமையலைப் பார்க்கப் போய்விட்டாள்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முந்தைய வருஷம் அவர்களுடைய ஒரே மகள் ஷாரோன், திருநெல்வேலியில் சிவில் எஞ்சினியரிங் முடித்துவிட்டு அப்பாவோடு சைட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், செல்போனில் ஒரு செய்தியை வாசித்துக் காட்டினாள். ரோமாபுரிக்காரர்கள் கடலுக்குள் கட்டிய துறைமுகச் சுவர்கள் இரண்டாயிரம் வருஷமாக நிற்பது எப்படி என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். நீற்றாத சுண்ணாம்பை எரிமலைச் சாம்பலோடு உலர்வாகக் கலந்து, அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். காரைக்குள் கரையாமல் தங்கிவிட்ட சுண்ணாம்புக் கட்டிகள், என்றைக்காவது சுவர் வெடித்துத் தண்ணீர் இறங்கினால், கரைந்து ஓடி வெடிப்பை அடைத்துக்கொள்ளும். சாரல் காலம் வந்தாலே ஓதம் ஏறிய சுவர்களுக்காக ஊர்க்காரர்களிடம் ஏச்சு வாங்கித் தலை நரைத்த கிங்ஸ்லிக்கு, கேட்டதும் கை பரபரத்தது. தென்காசியில் எரிமலை கிடையாது. ஆலங்குளத்து அரிசி ஆலையிலிருந்து உமிச் சாம்பலை லாரி லாரியாக இறக்கினார். கலவை புகைந்து கொதிக்க, அப்பாவும் மகளும் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றே வீட்டைக் கட்டி முடித்தார்கள். தங்கபுஷ்பம் அவர்கள் இருவரையும் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

முதல் சாரலில் மாடிச் சுவரில் விழுந்த வெடிப்பு, சனிக்கிழமைக்குள் ஆறிவிட்டது. இரும்புக்கடை முகம்மது மீரான் நம்பாமல் வந்து ஓர் ஆணி அடித்துப் பார்த்தார். மறுநாள் ஆணி தரையில் கிடந்தது. பெருமை தாங்கவில்லை கிங்ஸ்லிக்கு. ஆனால் எது வெடிப்பு, எது வாசல் என்று வீட்டுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வீடு தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது. ஆள் போய்வந்தாலோ திறந்து மூடினாலோ வழி, இல்லாவிட்டால் வெடிப்பு. எவ்வளவு போய்வருகிறதோ அவ்வளவு அகலம் போதும். ரோமாபுரிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததா என்று செய்தியில் போடவில்லை.

ஜன்னல் மூடிக்கொண்டதற்கு அடுத்த ஜனவரியில், புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் விஜய்பாண்டியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஷாரோன் சொன்னாள். வேதம் வேறு, சாதி வேறு, சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று கிங்ஸ்லி கத்தினார். பெண்ணை அவள் அறைக்குள் தள்ளிப் பூட்டினார். பூட்டியது அவர், சாவி தங்கபுஷ்பத்தின் இடுப்பில்தான் இருந்தது. மூன்று வேளையும் கதவைத் தட்டளவு திறந்து, சோற்றை நீட்டிவிட்டு மறுபடி பூட்டினாள். நல்லதுக்குத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பத்தாம் நாள் கதவு திறக்கவில்லை. பதினோராம் நாள் தேக்கு நிலையைச் சுவர் நெருக்கிக் கூடத்துக்குள் தள்ளிவிட்டது, காலில் தைத்த முள்ளை உடம்பு தள்ளுவது மாதிரி. பார்த்தால், வாசல் இருந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு நுழையும் அளவுக்கு ஓட்டை மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து மகளின் கண் தெரிந்தது. அந்த அறையின் ஜன்னல்களைக் கிங்ஸ்லியே ஆணி அடித்து அடைத்திருந்ததால் அவையும் போய்விட்டன. தங்கபுஷ்பம் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

கிங்ஸ்லி டிரில்லிங் மெஷினோடு ஓடி வந்தார். ஒரு முழம் உடைத்தார். டீ குடித்துத் திரும்புவதற்குள் சுவர் முன்னைவிடக் கெட்டியாக ஆறிவிட்டிருந்தது. உள்ளிருந்து ஷாரோன், சைட்டில் கொத்தனாரிடம் பேசும் அதே குரலில் சொன்னாள்.

“எப்பா, உடைக்காதீங்க. காயம்னு நெனைச்சி இன்னும் இறுகுது. இங்கன வழி இருக்குன்னு அதுக்குத் தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

கையை வெளியே நீட்டினாள், உள்ளே இழுத்தாள். ஒரு பகல் முழுக்க அதே வேலை. அப்புறம் தோள், அப்புறம் தலை. மூன்றாம் நாள் மதியம் இரண்டு தோளிலும் தோல் உரிந்து, சுண்ணாம்பு எரிச்சலோடு வெளியே வந்தாள். அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். ஷாரோன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, சர்டிபிகேட் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கிங்ஸ்லி தடுக்கவில்லை, போனவள் போனவள்தான் என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அந்த அறைப் பக்கம் அவர் போகவில்லை.

தங்கபுஷ்பம் போனாள். தினமும் காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை, துணி காயப்போடுகிற சாக்கில் அந்த வாசலில் போய்வந்தாள். காய்ச்சல் வந்த நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மெலிந்த உடம்பு அவளுக்கு. வாசல் பதினாறு அங்குலத்தில் நின்றது. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் முடிந்த செய்தி கடையத்துச் சொந்தக்காரர்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. சர்ச்சில் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை, அதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

டிசம்பரில் ஷாரோனிடமிருந்து அம்மாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. பொம்பெயி என்று எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன ரோமாபுரிக் காலத்து ஊரில், பாதி கட்டிய வீடு ஒன்றைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கொத்தனார்கள் சுண்ணாம்பையும் சாம்பலையும் உலர்வாகக் கலந்து குவித்தது அப்படியே கிடக்கிறதாம். கீழே ஷாரோன் எழுதியிருந்தாள்: “அப்பாட்ட காட்டும்மா. நம்ம கலந்ததுதான் சரி.” கிங்ஸ்லி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அரைமணி நேரம் பார்த்தார். தண்ணி ஊத்த ஒருத்தனும் திரும்பி வரல, பாரு என்றார்.

ஜனவரியில் ஷாரோனுக்கு ஏழு மாதம் என்று தெரிந்தது. தலைப்பிரசவத்துக்கு இங்கன வா என்று தங்கபுஷ்பம் போனில் அழுதாள்.

“அந்த ரூம் வாசல் எவ்வளவு இருக்கும்மா?”

“பதினாறு இஞ்சு.”

“அப்ப அப்பா நடக்கல.” ஷாரோன் ஓர் அளவு சொன்னாள். “நானும் ஒன் மருமகனும் சேந்து நுழையுத அளவு வந்தா சொல்லும்மா. வருதோம்.”

தங்கபுஷ்பம் போனை வைத்துவிட்டு நேரே புருஷன் முன்னால் போய் நின்றாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் குரல் தெருவுக்குக் கேட்டது.

“நீங்க போட்ட கலவைதான? அது எதப் பாத்து மூடுது, எதப் பாத்துத் தொறக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா? பிள்ளைக்கு நான் தட்டளவு தொறந்தேன், என் கை வெந்து போவட்டும். நீங்க அதுகூடத் தொறக்கலயே!”

கிங்ஸ்லி இரண்டு நாள் சைட்டே கதியென்று கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தவர், வெள்ளைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்த வாசலில் தோளை நுழைத்தார். தொந்தி நின்றுவிட்டது. மூச்சை இழுத்துப் பிடித்து முட்டினார். சட்டை கிழிந்து, வயிற்றில் ரத்தக் கோடு விழுந்தது. வீடு ஒரு நூல் அளவு விட்டுக்கொடுத்தது. திங்கட்கிழமையும் முட்டினார். இரண்டு வாரத்தில் இருபத்து நான்கு அங்குலம் ஆனது. அதற்கு மேல் அவர் உடம்பு இல்லை.

ஒரு காலையில் அவர் வாசல் முன் நின்று கையை நீட்டினார். தங்கபுஷ்பத்துக்கு முதலில் விளங்கவில்லை. தெருவில் போனால் அவர் எப்போதும் நாலடி முன்னால் போகிற மனுஷன். அவள் பின்னால் போய்ப் பழகியவள். கையைப் பிடித்தாள். இருவரும் பக்கம் பக்கமாக முட்டினார்கள். முழங்கைகள் உரிந்தன. பால் ஊற்ற வந்த நிர்மலாதேவி ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கு அரை லிட்டரா முக்கால் லிட்டரா என்று கேட்டாள். அவள் மட்டுமல்ல, பிப்ரவரி முடிவதற்குள் தெருவில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பம் டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு மகளைக் கூப்பிட்டாள். முப்பத்தெட்டு என்று சொல்லி முடிப்பதற்குள் கிங்ஸ்லி போனை வாங்கிக்கொண்டார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு பேசுகிற மனுஷன், எஸ்டிமேட் சொல்கிற மாதிரி தொண்டையைச் செருமினார்.

“மாப்பிள்ள கொஞ்சம் கனத்த ஆளுன்னு சொல்லுதாவ. முப்பத்தெட்டு பத்தாதும்மா. இன்னும் ரெண்டு இஞ்சு வேணும். செவ்வாக்கிழமைக்குள்ள முடிச்சிருதோம், புதங்கிழம ரெண்டு பேரும் கெளம்பி வாங்க.”

எதிர்ப்பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. கிங்ஸ்லி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அவள் பேசி முடிக்கும்வரை வாசலருகே காத்து நின்றார். முடித்ததும் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, மதியச் சாப்பாடு வரைக்கும் நடந்தார்கள்.